கண்ணாடித் துரையும் பால் கறக்காத மகளும்

மாசி மாதம் எட்டாம் தேதி, வியாழக்கிழமை. விடியுமுன் எழுந்து பல் துலக்கினேன். கிணற்றடியில் குளித்துத் திருநீறு பூசினேன். பேனாக் கூர்களைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினேன். மனைவி பாக்கியம் தந்த கோப்பியைக் குடித்தேன். வானம் வெளுத்திருந்தது. ஆனாலும் குடையை எடுத்துக்கொண்டேன். கண்டி வானத்தை நம்பிக் குடையை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறவர்கள் பிற்பகலில் என் குடைக்குள்தான் வருவார்கள்.

செருப்பை மாட்டும்போது வீட்டின் பின்புறம் செம்பு உருளும் சத்தம் கேட்டது. அதன் பின்னால் என் மகள் வள்ளியின் “ஐயோ அம்மா!” கேட்டது. அதற்கும் பின்னால் பசு நிதானமாக ஒருமுறை கத்தியது.

அந்தக் கிழமை முழுவதும் காலையில் இந்த வரிசையில்தான் எல்லாம் நடந்தன. ஆகவே அதையும் அன்றாட வழக்கத்தில் சேர்த்துக்கொண்டு வேலைக்குப் புறப்பட்டேன்.

(சென்ற கிழமை இந்தப் பழைய நினைவுப் பத்தியில் கோப்பி மூட்டைகளைப் பற்றியே எழுதி அறுத்துவிட்டேன் என்று மாத்தளை வாசகர் ஒருவர் குறைப்பட்டிருக்கிறார். இந்தக் கிழமை மூட்டை இல்லை. மாடுதான்.)

மைத்துனன் சின்னையாவின் வாய்

வள்ளிக்கு அப்போது பத்தொன்பது வயது. கடுகண்ணாவை ரயில் நிலையத்தில் வேலை பார்த்த முத்துவேலு என்ற பையனைப் பேசிக்கொண்டிருந்தோம். பிள்ளையார் கோயில் திருவிழாவில் அவனை அவள் ஒருமுறை பார்த்திருந்தாள். பார்த்தபின் ஒன்றும் சொல்லவில்லை. மற்ற மாப்பிள்ளைகளைப் பற்றி நிறையச் சொன்னவள் அவள். ஒருவனுக்கு மூக்கு, ஒருவனுக்கு நடை, இன்னொருவனுக்கு அவன் அக்காமார். முத்துவேலுவைப் பற்றி ஒரு சொல் இல்லை என்றதும் பாக்கியம் என்னை அடுப்படிக்கு அழைத்து, “இதுதாங்க. இத விட்டுறாதீங்க” என்றாள்.

பையனின் தாய் அங்கம்மாளுக்கு நான்கு பசுக்கள். ரயிலில் வருகிறவர்களுக்குப் பால் கோப்பி விற்று வந்தார். மணிக்கட்டில் வாதம் வந்து அவரால் கறக்க முடியவில்லை. மகனோ முதல் வண்டி வேலைக்கு மாற்றப்பட இருந்தான். ஆகவே வருகிற மருமகளிடம் அவர் கேட்டது நகையும் இல்லை, நிலமும் இல்லை. பால் கறக்கத் தெரிய வேண்டும்.

இதற்குப் பதில் சொல்லக் கடுகண்ணாவைக்குப் போன என் மைத்துனன் சின்னையா அங்கே வாயைத் திறந்தான்.

“எங்க வள்ளியா? ரெண்டு கையாலயும் கறப்பா. கண்ண மூடிக்கிட்டுக் கறப்பா. மாடு தூங்கிக்கிட்டிருந்தாலும் கறப்பா.”

வள்ளி பிறந்ததிலிருந்து மாட்டுக்கு ஐந்து முழம் தள்ளித்தான் நின்றிருக்கிறாள். எங்கள் செவலைப் பசுவைக் கறந்து வந்தது பாக்கியம்தான். அந்தப் பசுவுக்குப் பாக்கியத்தின் வாசனை வேண்டும். அவளுக்குக் காய்ச்சல் வந்து வேறு யாராவது கறப்பதானால், அவளுடைய பழைய கண்டாங்கிச் சேலையைப் போர்த்திக்கொண்டுதான் உட்கார வேண்டும். அந்தக் கிழமை வள்ளியும் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். பசு சேலையை ஏற்றுக்கொண்டது, விரலை ஏற்கவில்லை.

பெண் பார்க்க அவர்கள் வெள்ளிக்கிழமை வருவதாக ஏற்பாடு. பையன் அதற்காக விடுப்பே எடுத்திருந்தான்.

காயும் கோப்பியில் ஐந்து மொழி

நான் வேலை பார்த்தது கண்டிப் புகையிரத நிலையத்துக்கு அருகில் இருந்த ஒரு கோப்பிக் கிட்டங்கியில். தோட்டங்களிலிருந்து வண்டியில் வரும் கோப்பியை அகன்ற களத்தில் பரப்பிக் காயவைத்து, உமி நீக்கி, பெண்களைக் கொண்டு தரம் பிரித்துக் கொழும்புக்கு அனுப்புவோம். நான் தலைமை எழுத்தன். எனக்கு மேலே ஒரு ஜெர்மானியத் துரை. மூக்கில் தடித்த கண்ணாடி, முகவாயில் சிவந்த தாடி. ‘கண்ணாடித் துரை’ என்றால்தான் ஊரில் தெரியும்.

மற்றத் துரைமார் தோட்டத்தில் ஏசிப் பழகிய தமிழைப் பேசுவார்கள். இவர் பாதிரிமார் எழுதிய இலக்கணத்தில் கற்றவர். வண்டிக்காரனிடம் “நீவிர் எருதுகளுக்கு நீர் காட்டினீரோ?” என்று கேட்பார். வண்டிக்காரன் என்னைப் பார்ப்பான். நான் “மாட்டுக்குத் தண்ணி வச்சியா?” என்பேன். இருவரும் எனக்கு நன்றி சொல்வார்கள்.

அன்று காலை அவர் களத்தின் நடுவில் குந்தி, காய்ந்துகொண்டிருந்த கோப்பியில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார்.

“பிள்ளையவர்களே, உமது புதல்வி பசுவைக் கறப்பாளோ?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சின்னையாவின் வாய் துரைவரை நீண்டுவிட்டதா என்று நினைத்தேன்.

“யார் சொன்னது துரை?”

“மொழி சொல்கிறது!” என்று கோப்பியைக் காட்டினார்.

பிறகுதான் விளங்கியது. மகளைக் குறிக்க வடமொழியில் துஹிதா. பாரசீகத்தில் துக்தர். கிரேக்கத்தில் துகாத்தேர். அவருடைய ஜெர்மன் மொழியில் தொஃக்தர். ஆங்கிலத்தில் டாட்டர். குண்டசாலையிலிருந்து வரும் நம் சிங்கள வண்டிக்காரர் மகளை ‘துவ’ என்று அழைக்கிறாரே, அதுவும் இதே கூட்டம். எல்லாம் ஒரு தாய் வயிற்றுச் சொற்கள் என்றார்.

“இவை யாவற்றுக்கும் வேர், துஹ். கறத்தல்! ஆதியில் ஒரே குடும்பம். தந்தை காப்பவன். சகோதரன் சுமப்பவன். மகள் பால் கறப்பவள். அறிஞர் இவ்வாறு எழுதியுள்ளனர்.”

“மாமன் என்ன செய்வான் துரை?”

அவர் யோசித்தார். “மாமனுக்கு யாது தொழில் என்று நூலில் இல்லை.”

“எங்கள் வீட்டிலும் இல்லை” என்றேன்.

“தமிழில் ‘மகள்’ என்பது வேறு குடும்பம்” என்று சற்று வருத்தத்தோடு சொன்னார். “மகன், மகள். அங்கே பால் இல்லை.” ஒரு உறவினர் வீட்டில் தமக்கு மட்டும் இலை போடாததுபோல அந்த வருத்தம் இருந்தது.

அதற்குள் கோப்பி கிளறும் பெண்ணொருத்தி பலகையைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். “தள்ளுங்க தொர. காயுற கோப்பியில கோலம் போட்டா எப்படிக் காயும்?” என்று சொல்லிக்கொண்டே துகாத்தேரையும் தொஃக்தரையும் ஒரே தள்ளில் கலந்துவிட்டாள்.

ஊரெல்லாம் கேட்ட கேள்வி

சனிக்கிழமை மாலை தோட்டத் துரைமார் கூடும் மண்டபத்தில் இதைப் பற்றி அவர் பேசுவதாக இருந்தது. அதற்காகச் சில நாட்களாகவே கண்ணில் பட்டவர்களிடமெல்லாம், “உமது வீட்டில் கறப்பவர் யார்?” என்று கேட்டு வந்திருக்கிறார். புத்தகத்தில் இருப்பதை இந்த ஊரிலும் ஒரு வீட்டிலாவது கண்டுவிட வேண்டும் என்ற ஆசை.

குண்டசாலை வண்டிக்காரர், தம் துவ எருமையைக் கண்டால் பலாமரத்தில் ஏறிவிடுவாள் என்று சிரித்தாராம்.

அக்குறணையிலிருந்து துணி கொண்டுவரும் காதர் நானாவிடமும் கேட்டிருக்கிறார். “எங்கட ஊட்டுலயா தொர? உம்மாதான் கறக்குற. மகளுக்கு நான் செல்லம் குடுத்துட்டேன். இப்ப அவ சொல்லி நான் தண்ணி அள்ளுறேன்” என்றாராம்.

வெள்ளைக்காரத் துரைமார் வீட்டு மகள்களைக் கேட்கவே வேண்டாம். பால் மேசையில் ஊறுகிறது என்பது அவர்கள் எண்ணம்.

கடைசி நம்பிக்கையாகத்தான் என்னிடம் வந்திருந்தார். அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல எனக்கு வரவில்லை. வள்ளிக்குக் கறக்கத் தெரியாது, தெரியாததால் அவள் கல்யாணமே ஆட்டம் கண்டிருக்கிறது, நாளைக்கு வருகிறார்கள் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

துரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். தமக்கு வேண்டிய சான்று கிடைக்காத துக்கம் ஒரு கணம்தான். பிறகு முகம் மலர்ந்தது.

“பிள்ளையவர்களே, என் தகப்பனார் பால்பண்ணை உடையவர். பன்னிரண்டு வயதுவரை நான் கறந்தேன். பிழை விரலில். இன்று மாலை வருகிறேன். உமது மகளை மகளாக்குகிறேன்.”

சேலைக்குள் தாடி

துரை வீட்டுக்கு வருகிறார் என்றதும் பாக்கியம் அவர் உட்காரக் கதிரைகளை எல்லாம் துடைத்துக் கூடத்தில் வரிசையாகப் போட்டாள். அவர் அவற்றைக் கும்பிட்டுக் கடந்து நேரே மாட்டுக் கொட்டகைக்குப் போனார்.

கன்றை ஊட்டவிட்டுக் கட்டினோம். துரை மேலங்கியைக் கழற்றி, சட்டைக் கையைச் சுருட்டி, செம்பை முழங்காலுக்கிடையில் வைத்து உட்கார்ந்தார். பசு அவருடைய தொப்பியை முகர்ந்தது. பின்னங்காலை ஒருமுறை தூக்கியது. துரை தவிட்டுக் கூடைக்குள் விழுந்தார்.

“சேல போத்தணுமுங்க” என்றாள் பாக்கியம் என்னிடம். “தொரகிட்ட எப்படிச் சொல்றது?”

சொன்னேன். துரைக்குப் பரமானந்தம். அப்படியொரு வழக்கம் இருக்கிறதா என்று வியந்து, தாமே சேலையைக் கையில் வாங்கினார். தலைமுடி செம்பட்டையாக இருந்ததைப் பசு விரும்பாதோ என்று பாக்கியம் சந்தேகப்பட்டதால், தலையிலும் முக்காடு போட்டுவிட்டோம். பச்சைக் கண்டாங்கிக்குள் ஆறடி உயரத் துரை அடக்கமாகக் குந்தினார்.

பசு பெருமூச்சு விட்டது. பால் சுரந்தது.

“இவ்வாறு, அம்மா. இழுக்கலாகாது. மேலே பிடித்து, விரல் விரலாக இறக்குக” என்று வள்ளிக்குச் சொல்லியபடியே கறந்தார். செம்பில் நுரை ஏறியது. வள்ளி அன்றைக்குத்தான் மாட்டுக்கு ஒரு முழத் தூரத்தில் பயமில்லாமல் உட்கார்ந்திருந்தாள். பாக்கியம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சின்னையா வைக்கோல் போரில் சாய்ந்தபடி, “இதத்தான் நானும் சொல்லிக்கிட்டிருந்தேன்” என்றான்.

வாசலில் யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள். எங்களுக்குக் கேட்கவில்லை. கூப்பிட்டவர்கள் பால் விழும் சத்தத்தைக் கேட்டுப் பின்பக்கமாக வந்துவிட்டார்கள்.

“பொண்ணு நல்ல ஒசரம்” என்று எனக்குப் பின்னால் ஒரு பெண் குரல் சொன்னது. “கைவாகும் இருக்கு. தோளப் பாருங்களேன், நாலு மாடு தாங்கும்.”

திரும்பினேன். அங்கம்மாள். அவருக்குப் பின்னால் அவர் கணவர். அந்த மனிதர் அதிகம் பேசமாட்டார் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

துரையும் திரும்பினார். முக்காடு சரிந்தது. “அம்மையே, வணக்கம்” என்றார்.

அங்கம்மாளின் கையிலிருந்து வெற்றிலைத் தட்டு விழுந்தது. அவர் கணவர் எங்கள் வீட்டில் பேசிய முதல் வாக்கியம் இது:

“பொண்ணுக்குத் தாடி இருக்கே.”

அங்கம்மாளின் கேள்விகள்

நான் “நாளைக்கு அல்லவா...” என்று இழுத்தேன்.

“சொன்ன நாள்ல வந்தா சொன்ன பொண்ணத்தான் காட்டுவீங்க” என்றார் அங்கம்மாள். “ஒரு நா முந்தி வந்தா உள்ளத உள்ளபடி பாக்கலாம்னு வந்தேன். உள்ளது இப்படி இருக்கும்னு நெனைக்கல.”

சின்னையா முன்னால் வந்தான். “அதாவது தங்கச்சி, வள்ளி இப்பத்தான் ரெண்டு செம்பு கறந்து முடிச்சா. கை வலிக்குதேன்னு தொர கொஞ்சம்...”

“பொய்யி மாமா” என்றாள் வள்ளி.

வள்ளி எழுந்து நின்றாள். பாவாடையில் தவிடு ஒட்டியிருந்தது. கையில் பசு உதைத்த கன்றல் நீலமாக இருந்தது.

“எனக்குக் கறக்கத் தெரியாது அத்தை. மாமா சொன்னது எல்லாமே பொய்யி. நான் கத்துக்கிறதுக்குத்தான் தொர வந்தாரு.”

பாக்கியம் கண்ணை மூடிக்கொண்டாள். துரை ஒருவர்தான் கலங்கவில்லை. அவர் சேலையோடு எழுந்து வந்து, ஊரெல்லாம் கேட்ட கேள்வியை அங்கேயும் கேட்டார்.

“அம்மையே, உமது இல்லத்தில் பசுவைக் கறப்பவர் யார்?”

“என் மகன்தான்.”

“மகனா!”

“மக இல்லீங்க எனக்கு. அவந்தான் ஒத்தைக்கு ஒரு புள்ள. பின்ன யாரு கறப்பா?”

துரை கைகளைத் தட்டினார். “மகள் இல்லாமையால் மகன்! கொள்கைக்குப் பங்கமில்லை, பிள்ளையவர்களே, பங்கமில்லை!” என்று என்னைத் தழுவிக்கொண்டார். தலைமை எழுத்தனாகிய நான் கண்டாங்கிச் சேலைக்குள் மேலதிகாரியால் தழுவப்பட்டது அந்த ஒருமுறைதான்.

அங்கம்மாள் துரையைக் கவனிக்கவே இல்லை. வள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னமோ சொன்னியே. அத்தைன்னுதானே?”

“ஆமா.”

“இன்னும் தட்டு மாத்தல. கீழ விழுந்து கெடக்கு பாரு, வெத்தல எல்லாம். அதுக்குள்ள அத்தையா?”

“வேற என்னன்னு கூப்பிடுறது?” என்றாள் வள்ளி. “ஒங்க மகனுக்குக் கறக்க யாரு சொல்லிக் குடுத்தா?”

“நாந்தான். கை நல்லா இருந்தப்ப.”

“அப்ப நீங்க சொல்லிக் குடுத்தவரு வீட்டுல இருக்காரே. அவர அனுப்புங்க. தொரகிட்டப் படிக்கிறத விட அவருகிட்டப் படிச்சுக்கிறேன்.”

பாக்கியம் “அடியே!” என்றாள். சின்னையா வைக்கோல் போருக்குப் பின்னால் போய்விட்டான்.

அங்கம்மாள் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் தோள் குலுங்கியது. பிறகு வயிறு. வாதம் வந்த கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கணவர் பேசாமல் குனிந்து சிதறிய வெற்றிலைகளைப் பொறுக்கித் தட்டில் அடுக்கினார்.

“நாளைக்கு அவனுக்கு லீவுதான்” என்றார் அங்கம்மாள். “மொத ரயில்ல அனுப்புறேன். கை படியட்டும். செம்புல பால் விழுந்துச்சுன்னா நாள் குறிப்போம். விழலைன்னா எல்லாரும் அவங்கவங்க வேலையப் பாப்போம். சரியா மக?”

‘மக’ என்றதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. நான் கவனித்தேன். துரையும் கவனித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஏதோ கேட்க வாயைத் திறந்தார். பாக்கியம் அவர் கையில் ஒரு குவளைக் கோப்பியைத் திணித்துவிட்டாள்.

சொற்பொழிவைப் பற்றிச் சில வரிகள்

சனிக்கிழமைப் பேச்சுக்கு நானும் போயிருந்தேன். துரை நன்றாகத்தான் பேசினார். முடிந்ததும் கேள்வி கேட்கலாம் என்றார்கள். கோப்பி இலையில் விழுந்து தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்த மஞ்சள் பொடி நோய்க்கு ஜெர்மனியில் மருந்து உண்டா என்று ஒருவர் கேட்டார். மற்றவர்களும் அதையே கேட்டார்கள். அந்தக் காலத்தில் யாருக்கும் வேறு கேள்வி இல்லை.

மகள் என்றால் கறப்பவள் என்ற அந்தக் கொள்கையைப் பிற்காலத்துப் பண்டிதர்கள் பலர் ஒப்புவதில்லை என்று இப்போது கேள்விப்படுகிறேன். சொற்கள் ஒரே குடும்பம் என்பது சரியாம். பால்தான் சந்தேகமாம். துரை ஊர் திரும்பிப் பல காலம் ஆகிவிட்டது. அவருக்கு இதை யாரும் சொல்லியிருக்க வேண்டாம் என்று விரும்புகிறேன்.

ஆனால் சனிக்கிழமைக்கு முன்னால் வெள்ளிக்கிழமை ஒன்று இருக்கிறதல்லவா.

வெள்ளிக்கிழமை காலை

அன்று பாக்கியம் பசுவைக் கறக்கவில்லை. மடி கனத்து அது கத்திக்கொண்டிருந்தது. முதல் ரயில் ஊதிய சற்று நேரத்தில் முத்துவேலு வந்துவிட்டான். தலையில் எண்ணெய் வழிய வாரியிருந்தான். என்னைப் பார்த்துக் கும்பிட்டு, “அம்மா அனுப்பினாங்க” என்று தரையிடம் சொன்னான். அவன் காது இரண்டும் சிவந்திருந்தன.

கல்யாணம் நிச்சயமாகாத ஒரு பையனையும் பெண்ணையும் எப்படிக் கொட்டகைக்குள் தனியே விடுவது? முதல் வேலையாக நான் கூடத்திலிருந்து ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொட்டகை நடுவில் போட்டேன். அவர்களைப் பார்த்து உட்கார்ந்தால் வள்ளிக்குக் கை ஓடாது. ஆகவே முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன்.

பின்னால் கன்றை அவிழ்த்தார்கள், கட்டினார்கள். “இப்படிங்க” என்றான் அவன். “எப்படி?” என்றாள் அவள். “இப்படி.” வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பசு ஒருமுறை காலை மாற்றி வைத்தது. நான் சுவரிலிருந்த பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு செம்பின் அடியில் பால் விழுந்த சத்தம் கேட்டது. ஒரு பீச்சு. சற்று நின்று, இன்னொன்று.

கறந்தது யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.